சின்னப்பாலத்து நிழலும் நானும்

போன மாதம் மச்சினன் வீட்டு விசேஷத்துக்கு ஒரகடம் போயிருந்தேன். திரும்பும்போது பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் ஒரு தொழிற்சாலையின் சுற்றுச்சுவர். கால் மைல் நீளம் இருக்கும். சாயங்கால வெயில் அதன் மேல் சாய்ந்து விழ, விளக்குக் கம்பங்களின் நிழல் வரிசையாகக் கோடு போட்டிருந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, செல்போனை எடுத்து ஒரு படம் எடுத்தேன். எங்கிருந்து முளைத்தார் என்றே தெரியவில்லை, நீலச்சட்டை செக்யூரிட்டி ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். எதற்கு எடுத்தீர்கள் என்று கேட்டார். வெயில் நன்றாக இருந்தது என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார் பாருங்கள், அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு காலத்தில் நானே பார்த்த பார்வை அது. அழித்துவிடுங்கள் என்றார். அவர் கண்முன்னாலேயே அழித்தேன்.

என்னைப் பற்றி முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் ஒரு சந்தேகப் பிராணி. பூட்டைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன், தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து நாலாம் தரமும் இழுப்பேன். காய்க்காரர் தானாக ஒரு கைப்பிடி கொத்தமல்லி கூடுதலாகப் போட்டால் வீட்டுக்கு வந்து அதைப் பிரித்து உதறிப் பார்ப்பேன். 'இந்த ஆளு தன் நெழலையே திரும்பிப் பாக்கிற ஆளு' என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். பொய் என்று சொல்ல முடியாது.

இது பிறவிக் குணமா, தொழிலில் ஒட்டிக்கொண்டதா என்று நானும் யோசித்திருக்கிறேன். படப்பை கடைத்தெருவில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் ஏழு வருஷம் டார்க்ரூம் வேலை பார்த்தேன். ஊரார் ரகசியமெல்லாம் தண்ணீருக்குள்ளிருந்து மெல்ல மெல்ல மேலே வருவதைச் சிவப்பு விளக்கில் பார்த்துக்கொண்டே இருக்கிற வேலை. ஒரு ரோலில் மனைவியோடு மாமல்லபுரம் போனவர் அடுத்த ரோலில் வேறொரு அம்மாளோடு அதே பாறைக்கு முன்னால் சிரித்துக்கொண்டு நிற்பார். இப்படி ஏழு வருஷம் பார்த்தவனுக்கு யார்மேல் நம்பிக்கை வரும், சொல்லுங்கள்.

அந்த ரூமில் எப்போதும் படம் கழுவுகிற ஆசிட்டின் புளித்த வாடை உண்டு. கையை எத்தனை தரம் கழுவினாலும் சோற்றைப் பிசையும்போது விரலில் இருக்கும். இன்றைக்கும் தள்ளுவண்டிக் கடையில் ஃபிரைடு ரைஸுக்கு வினிகர் ஊற்றினால் எனக்கு அந்த ரூம் ஞாபகம் வந்துவிடும். ரூம் ஞாபகம் வந்தால் ஞானதாஸ் ஞாபகமும் கூடவே வரும். அதனாலேயே நான் அந்தக் கடைப்பக்கம் போவதில்லை.

ஞானதாஸ் நாகர்கோவில் பக்கத்துக்காரர். ஒரகடம் தாண்டி அப்போது புதிதாக வந்திருந்த ஒரு சின்னக் கம்பெனியில் டிராயிங் போடுகிற வேலை. எங்கள் கடைக்குப் பின்தெருவில் வாடகை ரூம். என்னைவிட இரண்டு வயது மூத்தவராக இருக்கலாம், நான் 'சார்' என்பேன், அவர் என்னை 'நீங்க' என்பார். அவர் பேசுவது எங்கள் பக்கத்தில் பாதிப்பேருக்குப் புரியாது. டீக்கடையில் 'வெள்ளம் தருவியளா' என்று தண்ணீர் கேட்பார். கடைக்காரர் வாசலை எட்டிப் பார்ப்பார்.

கலர் வந்து எல்லாரும் கலருக்கு ஓடிக்கொண்டிருந்த காலம். கலர் ரோலை மெட்ராசுக்கு அனுப்பிவிடுவோம். கறுப்பு வெள்ளை என்றால் பாஸ்போர்ட் படம் மட்டும்தான், அதை நானே கழுவிப் பிரிண்ட் போடுவேன். ஞானதாஸ் மட்டும் மாதம் இரண்டு ரோல் கறுப்பு வெள்ளை கொண்டுவருவார். முதல் ரோலைக் கழுவிப் பார்த்தபோதே எனக்கு நெருடியது. முப்பத்தாறு படத்தில் ஒரு மனுஷ முகம் கிடையாது. செங்கல் சூளைச் சுவர், ஏரி மதகின் படிக்கட்டு, கட்டிக்கிடந்த லாரித் தார்ப்பாயின் மடிப்பு. ஒரு படத்தில் பனைமரத்தை விட்டுவிட்டு அதன் நிழலை மட்டும் எடுத்திருந்தார்.

எங்கள் முதலாளி எத்திராஜ் அண்ணன் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். 'இன்னாடா இது, மரத்த வுட்டுட்டு நெழல எடுத்துகினு வந்துகீறான்' என்றார். அவர் மேல் தப்பில்லை. எங்கள் கடையின் வேதமே வேறு. முகத்தில் நிழல் விழக்கூடாது, இரண்டு காதும் தெரியவேண்டும், இடமும் வலமும் இரண்டு லைட்டைப் போட்டு முகத்தை வெளுத்துவிட வேண்டும். ஒரு தரம் கொஞ்சம் ஆசைப்பட்டு ஒரு கல்யாணப் பெண்ணை ஜன்னல் பக்கமாக நிறுத்தி எடுத்துவிட்டேன். பாதி முகம் நிழலில் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் அந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்து மீதி முகம் எங்கே என்று சண்டை பிடித்தார்கள்.

ஞானதாஸ் பிரிண்ட் போடும்போது கூடவே நிற்பார். எல் வடிவத்தில் வெட்டிய இரண்டு கறுப்பு அட்டை வைத்திருப்பார். பிரிண்டின் மேல் அவற்றை வைத்து அரை விரல் இப்படி, கால் விரல் அப்படி என்று நகர்த்திக்கொண்டே இருப்பார். வானத்தை வெட்டுவார், வெறும் மண்ணை விடுவார். எனக்கு டீ ஆறிப்போகும். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், இந்தச் சுவரில் என்னதான் இருக்கிறது என்று கேட்டேவிட்டேன்.

'உங்க கல்யாணப் படத்துல மூஞ்சியக் காட்டத்தான் வெளிச்சம். எனக்கு வெளிச்சத்தக் காட்டத்தான் செவரு' என்றார்.

எனக்குப் புரியவில்லை. புரியாததை நான் அப்படியே விடுகிறவனா? எதையோ மறைக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

மெட்ராசில் ஒரு கண்காட்சிக்குப் பன்னிரண்டு படம் அனுப்பவேண்டும் என்று சொல்லியிருந்தார். தேர்வானால் கம்பெனி வேலையை விட்டுவிட்டு இதையே பிழைப்பாகப் பார்க்கலாம் என்று அவருக்கு ஓர் எண்ணம். ஒரு வருஷ உழைப்பில் பதினொன்று சேர்ந்துவிட்டது. அவர் ரூமில் மழை ஒழுகும் என்பதால் அந்தப் பதினொன்றும், அத்தனை ரோல் நெகட்டிவும் எங்கள் டார்க்ரூம் பரணில் ஒரு பழைய பேப்பர் பெட்டியில் இருந்தன. என்னை நம்பித்தான் வைத்திருந்தார்.

அந்த வருஷம், தொண்ணூற்றொன்று மே மாதம், கொஞ்சம் தள்ளி ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததை நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. எங்கள் பக்கம் முழுக்க அதற்கப்புறம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. எங்கே பார்த்தாலும் போலீஸ் ஜீப். வீட்டுக்காரர்கள் குடித்தனக்காரர்களின் பெயரை எழுதிக் கொடுத்தார்கள். பேச்சு கொஞ்சம் மாறியிருந்தால் போதும், கடைத்தெருவே அடங்கிவிடும். கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கவே பயந்தோம். எங்கள் கடையில் தினமும் டீ குடிக்கிற ஏட்டு ஒருவர் உண்டு. சந்தேகப்படும்படி யாராவது படம் கழுவக் கொடுத்தால் சொல்லவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். யாரிடம் சொன்னார் பாருங்கள்!

ஒரு வாரம் கழித்து ஞானதாஸ் ஒரு ரோல் கொண்டுவந்தார். கூடவே அவருடைய நோட்டும். ஒவ்வொரு படமும் எந்த நேரத்தில், எவ்வளவு வெளிச்சத்தில் எடுத்தது என்று அதில் குறித்திருப்பார். அதைப் பார்த்துத்தான் ரோலை எவ்வளவு நேரம் கழுவுவது என்று நான் முடிவு செய்வேன். அன்று திறந்தேன். 'சின்னப்பாலம். தெற்கே இருபதடி. 4.40, நிழல் ரோட்டைத் தொடுது. 5.10, பாதி ரோடு. 5.35, சுவரில் ஏறுது. ஆள் நடமாட்டம் இல்லை.' அடுத்த நாளுக்கும் அதே. அதற்கடுத்த நாளுக்கும் அதே.

சின்னப்பாலம் என்பது மணிமங்கலம் போகிற ரோட்டில் ஏரிக்கால்வாய் மேல் இருந்த இரண்டாள் உயரப் பாலம். ரோலைக் கழுவி நாலு பிரிண்ட் போட்டுப் பார்த்தேன். வெறிச்சென்ற ரோடு, பாலத்தின் வெள்ளையடித்த கைப்பிடிச் சுவர், அவ்வளவுதான். ஆளில்லாத பாலத்தை நேரம் குறித்து நோட்டம் பார்க்கிறார் என்று முடிவுகட்டினேன்.

சும்மா இருந்தேனா? மறுநாள் சைக்கிளில் அவருக்குத் தெரியாமல் பின்னாலேயே போனேன். காட்டாமணக்குப் புதருக்குள் குந்தினேன். கட்டெறும்பு ஏறிக் கண்ட இடத்தில் கடித்தது, கத்தவும் முடியவில்லை. அவர் கேமரா ஸ்டாண்டை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் நின்றார். ஒரு மாட்டுவண்டி வந்தது, போகட்டும் என்று காத்திருந்தார். கடைசியில் ஒரே ஒரு தரம் கிளிக். மடக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். கல்யாணத்தில் ஒரு மணி நேரத்தில் இரண்டு ரோல் முடிக்கிற எங்களுக்கு, ஒரு மணி நேரம் நின்று ஒரு படம் எடுப்பவன் போட்டோ எடுக்க வந்தவனாகவே தோன்றாது. மறுநாள் ஏட்டு டீ குடிக்க வந்தபோது நோட்டையும் நாலு பிரிண்டையும் அவர் கையில் நானே கொடுத்தேன்.

அன்று சாயங்காலமே ஞானதாஸை விசாரணைக்குக் கூட்டிப்போய்விட்டார்கள்.

அதற்கப்புறம்தான் எத்திராஜ் அண்ணனுக்கு உதறல் எடுத்தது. ஒரு வருஷமாக அவருக்குப் படம் போட்டுக் கொடுத்திருக்கிறோம், பரணில் பெட்டியே வைத்திருக்கிறோம், கேட்டால் என்ன சொல்வது? 'ஒரு துண்டு நம்ம கடையில இருக்கக் கூடாது' என்றார். நட்டநடு மத்தியானத்தில், கடைக்குப் பின்னால் தகர டின்னில் போட்டு நான்தான் கொளுத்தினேன். பிரிண்ட் உடனே பிடித்துக்கொண்டது. நெகட்டிவ் சுருண்டு சுருண்டு, கறுப்பாக உருகி, மூக்கைத் துளைக்கிற நாற்றம். குச்சியால் கிளறிவிட்டுக்கொண்டே இருந்தேன்.

மூன்று நாள் கழித்து ஞானதாஸின் அண்ணன் ஊரிலிருந்து பாதிரியார் கடிதத்தோடும் கம்பெனி தாளோடும் ஸ்டேஷனில் வந்து நின்றார். அவர்மேல் ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஞானதாஸ் நேரே எங்கள் கடைக்குத்தான் வந்தார். மூன்று நாள் தாடி, அதே சட்டை. நோட்டையும் நாலு பிரிண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். அந்த நாலில் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். ஏரிக்கரைப் பனைமரத்தின் நிழல் ரோட்டைத் தாண்டிவந்து, பாலத்தின் வெள்ளைச் சுவரில் சரியாக நட்டநடுவில் நிமிர்ந்து நின்றிருந்தது. தரையில் படுத்திருந்த நிழல் சுவரில் எழுந்து நின்றது. வருஷத்தில் அந்தப் பதினைந்து நாள்தான் அது அப்படி நடுவில் விழும், அதற்காகத்தான் தினமும் நின்றேன், பன்னிரண்டாவது கிடைத்துவிட்டது என்றார். கண்காட்சிக்கு அனுப்ப இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, பெட்டியை எடுங்கள் என்றார்.

அந்த ஒரு கணம் இருக்கிறதே. உண்மையைச் சொல்லியிருக்கலாம். காட்டிக் கொடுத்தது நான் என்று அவருக்குத் தெரியவில்லை, வீட்டுக்காரர் சொல்லிப் போலீஸ் கடைக்கு வந்து நோட்டை வாங்கிப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். எத்திராஜ் அண்ணன் கல்லாவில் குனிந்துகொண்டார்.

'போலீஸ் வந்து எடுத்துகினு போயிட்டாங்க சார்' என்றேன்.

என் பொய்யை எடுத்துக்கொண்டு அந்த மனுஷர் மறுபடி ஸ்டேஷனுக்குப் போனார். எந்த இடத்திலிருந்து தப்பி வந்தாரோ அங்கேயே தன் காலால் போனார். அப்படி எதுவும் எடுக்கவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். மறுநாளும் போனார். மூன்றாம் நாள் வாசலிலேயே விரட்டிவிட்டார்கள். ஒவ்வொரு நாளும் திரும்பும்போது எங்கள் கடையில் வந்து உட்கார்ந்து, இன்றைக்கும் இல்லை என்று என்னிடம் சொல்லுவார். நான் டீ வாங்கிக் கொடுப்பேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த ஒரு வாரமும் கழிந்துவிட்டது.

கம்பெனியில் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஊருக்குக் கிளம்புகிற அன்று டிரங்குப் பெட்டியோடு வந்தார். ஒரு சீட்டில் விலாசம் எழுதி என் கையில் கொடுத்தார்.

'என்னைக்காவது தந்தாங்கன்னா நீங்க வாங்கி வச்சிருங்க. உங்க கையில இருந்தா எனக்கு ஒரு நிம்மதி, கேட்டியளா' என்றார். தாம்பரம் பஸ் வந்தது, ஏறிவிட்டார்.

நாலைந்து தரம் கடிதம் எழுத உட்கார்ந்தேன். அன்புள்ள என்பதற்கு மேல் ஓடவில்லை. கடையை மூடியபோது அந்தச் சீட்டும் எங்கோ போயிற்று. இப்போது அங்கே சின்னப்பாலம் இல்லை, அகல ரோட்டுக்கு அடியில் போய்விட்டது. ஏரிக்கரைப் பனைகளை வெட்டிவிட்டார்கள். செங்கல் சூளை இருந்த இடத்தில் லாரிகள் நிற்கின்றன. அன்றைய படப்பை ஜனங்களின் முகம் வேண்டுமென்றால் பழைய ஆல்பங்களில் ஆயிரக்கணக்கில் கிடைக்கும், இரண்டு காதும் தெரியும். ஊர் எப்படி இருந்தது என்று கேட்டால் காட்ட என்னிடம் ஒரு படம் கிடையாது. ஞானதாஸுக்கு அறுபது தாண்டியிருக்கும். தன் பதினொரு படங்களும் இங்கே ஏதோ ஒரு ஸ்டேஷன் பீரோவில் தூசி படிந்து பத்திரமாக இருப்பதாக இன்னும் நினைத்துக்கொண்டிருப்பார்.