தம்பி போட்ட கும்பிடு

ஐந்து மாதக் கைக்குழந்தை சாமி கும்பிட்டது என்று யாராவது சொன்னால் இன்று நான் சிரிக்க மாட்டேன். சங்கரன்கோவிலில் எங்கள் தெருவே அதை நம்பியது. முதலில் நம்பியவள் நான். அப்போது எனக்கு எட்டு வயது.

எங்கள் ஊர்க் கோமதியம்மனின் ஆடித்தபசுத் திருவிழாக் கொடியேற்றத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, பள்ளிக்கூடம் விட்டு வந்து, தூங்கி எழுந்த தம்பியை மடியில் வைத்திருந்தேன். சட்டென்று தலையை முன்னால் கவிழ்த்தான். இரண்டு கைகளும் தாமாக எழும்பி முன்னே வந்தன. ஒரு நொடிதான், உடனே நிமிர்ந்துவிட்டான். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் ஒன்று. இப்படியே பத்துப் பன்னிரண்டு தடவை. பெரியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"கோமதி தந்த பிள்ளைல்லா, அவளத்தான் கும்பிடுதான்."

அதில் நியாயம் இருந்தது. தபசு நாட்களில் வேண்டுதலாகக் கோயிலைச் சுற்றிச் சுற்றி வருகிற ஆடிச்சுற்றை, இன்னொரு பிள்ளை வேண்டும் என்று இரண்டு வருடம் முன்னால் அம்மா கால் கொப்பளிக்கச் சுற்றியிருந்தாள். கேட்டதைத் தந்தவளுக்குப் பிள்ளையே நேரில் நன்றி சொன்னால் யாருக்குத்தான் கசக்கும்?

அன்றிலிருந்து தம்பிக்கு நான்தான் மேனேஜர். அவன் எப்போது விழிப்பான் என்று பார்த்து அக்கம்பக்கத்தில் ஆள் சேர்ப்பேன். விழித்ததும் "சாமி கும்பிடு" என்பேன். கும்பிடுவான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான், ஆனால் காக்கைக்கு அது தெரியாதே. நான் சொல்லிக்கொடுத்துத்தான் செய்கிறான் என்று நிஜமாகவே நம்பினேன். எனக்குப் பிஸ்கட்டும் கிடைத்தது.

ஒன்று மட்டும் உறுத்தியது. முன்பெல்லாம் நான் வாயால் பஸ் ஹாரன் அடித்துக் காட்டினால் பொக்கைவாய் தெரியச் சிரிப்பவன், இப்போது என்னைத் தாண்டி எங்கோ பார்த்தான். கும்பிட்டு முடித்ததும் அழுதான். பக்தி முற்றிவிட்டது என்று பெரியம்மா கேலி செய்தாள். அதையும் நம்பி, அம்மன்மேல் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

தபசு முடிந்து இரண்டு வாரம் கழித்துத் தடுப்பூசி போடப் போனோம். திருவிழாக் கூட்டத்தில் தள்ளிப்போன ஊசி. வரிசையில் அம்மா மடியில் தம்பி விழித்தான். நர்ஸம்மா பார்க்கட்டும் என்று "சாமி கும்பிடு" என்றேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார்.

"இது கும்பிடு இல்லம்மா, வலிப்பு. போன்ல வீடியோ எடுத்துக்கிட்டு இன்னைக்கே திருநெல்வேலிக்குப் போங்க."

வலிப்பு எனக்குத் தெரியும். பஜாரில் ஒருவர் விழுந்து நுரை தள்ளியபோது கையில் சாவி திணித்தார்கள். தம்பி விழவில்லை, நுரையும் இல்லை. நர்ஸம்மாவுக்குத்தான் விவரம் போதாது என்று நினைத்தேன்.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் டாக்டர் வீடியோவை இரண்டு தடவை பார்த்தார். பிறந்ததும் அழுதானா என்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அழுதான் என்றாள் அம்மா. எத்தனை நாளாக இப்படி என்று அடுத்துக் கேட்டார். அதற்கும் அம்மாதான் பதில் சொன்னாள்.

"ஒரு வாரமா இருக்கும் சார்."

அது தப்பு. எனக்குத் தெரிந்த கேள்வி, விடுவேனா?

"இல்ல டாக்டர், கொடியேத்தத்துக்கு முந்தியே. ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. நாந்தான் சொல்லிக்குடுத்தேன்."

டாக்டரின் பேனா நின்றது. "நீ சொல்லிக்குடுக்கலம்மா, இது சொல்லிக்குடுத்து வாரதில்ல. ஆனா நாளைச் சரியாச் சொன்ன" என்றார். பாராட்டுக்காக அம்மாவைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பியின் தலையெல்லாம் ஒயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள். அதன்பின் வாரக்கணக்கில் ஊசியும் மருந்தும். கும்பிடு நின்றது. சிரிப்பு மெல்லத் திரும்பி வந்தது. மூன்று வயதில்தான் நடந்தான், இன்றும் நாலைந்து சொல்லுக்கு மேல் சேர்த்துப் பேச மாட்டான். பிறந்தபோது மூச்சுத் திணறியதில் மூளைக்குப் பட்ட அடிதான் காரணமாக இருக்கும் என்றார்கள். சீக்கிரம் வந்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கலாம், இருக்காமலும் போயிருக்கலாம் என்றும் சொன்னார்கள். எது எவ்வளவு என்று எந்த டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து ஊர் திரும்பிய நாளில் பஸ்ஸில் அம்மா என் பக்கம் திரும்பாமல் ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாள். பெரியவர்கள் பேச்சில் குறுக்கிட்டதற்குத்தான் கோபம் என்று எனக்குப் பட்டது. இனிமேல் அப்படிப் பேச மாட்டேன் என்றேன். பனவடலிசத்திரம் தாண்டியபின் என் கையைப் பிடித்துக் கேட்டாள்.

"ஏட்டி, நல்லா யோசிச்சுச் சொல்லு. ஒரு வாரந்தான?"

"இல்லம்மா, ஒரு மாசம்."

ஊர் வருவதற்குள் அதையே இன்னொரு தடவை கேட்டாள். சத்தமாக, தெளிவாக, அதே விடையைச் சொன்னேன். பக்கத்திலேயே இருக்கிற அம்மாவுக்கு ஏன் காது கேட்கவில்லை என்றுதான் எனக்குப் புரியவில்லை.