படலைக்கு மேலே ஒரு நெபுலா

எங்கள் வீட்டுக்குத் தொலைநோக்கி வந்தது தை மாதத்தில். வந்த நாளிலிருந்து மழை. வாடை ஓய்ந்து வானம் வெளிக்கவேண்டிய காலத்தில், யாரோ சொல்லிவைத்துச் செய்ததுபோல மூட்டம் வந்து எங்கள் ஊர் கரம்பொன்னுக்கு மேலே குந்திக்கொண்டது. என் மனைவி வினோஜா பள்ளிக்கூடம் விட்டு வந்து, கைப்பையைக்கூட இறக்காமல் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பாள். பிறகு "ச்சை" என்பாள். அவள் வாயில் வரக்கூடிய பெரிய கெட்டவார்த்தை அவ்வளவுதான். மிச்சத்தை அவளுக்காக நான் திட்டித் தீர்த்தேன்.

அவள் விஞ்ஞானம் படிப்பிக்கிற ரீச்சர். நான் சங்கக்கடை மனேஜர். அரிசி, மா, சீனி என்று கண்ணுக்கு முன்னால் இருப்பதை நிறுத்துக் கொடுக்கிறவன். அவளோ வெறுங்கண்ணுக்கு ஒழுங்காகத் தெரியாத ஒன்றைப் படம் பிடித்தே தீருவேன் என்று நின்றாள். ஓரியன் நெபுலா என்று அதற்குப் பெயர். வானத்தில் வாயுவும் தூசியுமாகக் கிடக்கிற பெரிய முகில். அதற்குள்ளேதான் புது நட்சத்திரங்கள் உண்டாகின்றனவாம். ஒன்பதாம் வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுத்தபோது ஒரு பிள்ளை எழும்பி, "அது அமெரிக்கா வானத்திலைதானே ரீச்சர் இருக்கு?" என்று கேட்டிருக்கிறாள். "இல்லை, எங்கடை தலைக்கு மேலையும் இருக்கு" என்று இவள் சொல்ல, வகுப்பே சிரித்ததாம். சிரிக்காமல் என்ன செய்யும்? புத்தகத்தில் உள்ள படம் எல்லாம் வெள்ளைக்காரன் எடுத்தது. கரம்பொன்னில் எடுத்த படம் ஒன்றைக் கொண்டுபோய் அந்த வகுப்புச் சுவரில் ஒட்டுகிறேன் பார் என்று அன்றைக்கு முடிவெடுத்தாள். என் நிம்மதி போனதும் அன்றைக்குத்தான்.

தொலைநோக்கி எங்களுடையதும் அல்ல. விஞ்ஞான ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து வாங்கி, முறைவைத்துப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுக்கிறார்கள். மாசி முடிய அது நெடுந்தீவுக்குப் படகேறவேண்டும். அங்கே இரவு நல்ல கறுப்பு இருட்டு. ஆனால் வாத்திமார் பின்னேரப் படகில் திரும்பிவிடுவார்கள். அந்த இருட்டில் நின்று அதைத் தூக்கிப் பார்க்க ஒரு ஆள் மிஞ்சாது. இதை நினைக்க நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திரும்ப எங்கள் முறை வர எத்தனை வருடம் செல்லுமோ தெரியாது.

படம் எடுப்பதென்றால் ஃபோனை நீட்டி அமத்துவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லையாம். தொலைநோக்கியின் பின்பக்கத்தில் கமராவைப் பூட்டி, அரை நிமிடம் அரை நிமிடமாக ஒரே இடத்தை நூறு தடவைக்கு மேல் எடுத்து, எல்லாவற்றையும் கணினியில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கவேண்டுமாம். அதுவரைக்கும் பூமி சுற்றாமல் நிற்குமா? நிற்காது. ஆகவே பூமி சுற்றச் சுற்றத் தொலைநோக்கியைத் திருப்பிக்கொண்டிருக்க அடியில் ஒரு மோட்டார். அந்த மோட்டாரைத் துருவ நட்சத்திரத்துக்கு நேரே பிடித்து வைக்கவேண்டும். வெள்ளைக்காரன் ஊரில் துருவ நட்சத்திரம் நல்ல உயரத்தில் நிற்குமாம். எங்கள் ஊரில் அது பனை உயரத்தைத் தாண்டாது. வடக்கே பக்கத்துவீட்டுச் சிவகுரு அண்ணையின் வளவு. வளவு முழுக்கப் பனை.

வடக்கு நோக்கி ஒரே ஒரு வெளிதான் இருந்தது. எங்கள் வாசற்படலைக்கு நேரே ஓடுகிற ஒழுங்கைப் பாதை. அதன் அந்தத்தில், இரண்டு பனைகளுக்கு நடுவில், துருவ நட்சத்திரம் மினுங்கிக்கொண்டு நிற்கும். ஆகவே தொலைநோக்கி படலையைப் பார்த்தபடி முற்றத்தில்தான் நிற்கவேண்டும். பின்வளவுக்கு நகர்த்த ஏலாது. கடற்கரைக்குக் கொண்டுபோகலாமே என்று கேட்பீர்கள். உப்புக்காற்றில் கண்ணாடி போய்விட்டால் வாங்கித் தந்த ஆசிரியர்களுக்கு யார் பதில் சொல்வது?

மழை விட்டது. பனி தொடங்கியது. கண்ணாடியில் ஈரம் படிந்து படம் மங்கிப்போகும். அதற்காக வினோஜாவின் தலைமயிர் உலர்த்துகிற மெஷினை நீள வயரில் கொழுவி, நான் நின்று கண்ணாடிக்குச் சூடு காட்டினேன். ஒழுங்கையால் போகிறவர்கள் எல்லாரும் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பனி இல்லாத நாளில் சிவகுரு அண்ணை நுளம்புக்குச் சருகு கொளுத்துவார். புகை நேரே எங்கள் முற்றத்துக்கு வரும். ஒருநாள் போய்க் கேட்டேன்.

"அண்ணை, உந்தப் புகையைக் கொஞ்சம் நிப்பாட்ட ஏலாதோ? வானம் தெரியேல்லை."

"வானத்திலை என்னடாப்பா பாக்கக் கிடக்கு? நுளம்பு கடிச்சு டெங்கு வந்தால் உன்ரை மனிசியோ வந்து பாக்கப்போறா?"

வந்த வழியே திரும்பிவந்தேன். கிழக்கே யாழ்ப்பாணப் பட்டணத்து வெளிச்சம் வானத்தின் ஒரு பக்கத்தைத் தின்றது. நிலவு வந்து பதினைந்து நாளைத் தின்றது. இவை எல்லாவற்றையும் சகித்துக்கொள்ளலாம். சகிக்க முடியாதது எங்கள் படலையிலேயே நின்றது.

அம்மாவின் விளக்கு. அம்மா கொரோனாக் காலத்தில் காலமானா. கனடாவில் இருக்கிற என் அண்ணன் பார்த்தீபனால் வரமுடியவில்லை; விமானம் ஓடவில்லை. முதலாம் ஆண்டுத் திவசத்துக்கு அவர் காசு அனுப்பி, ஒரு சோலர் விளக்குக் கம்பத்தைப் படலையடியில் நாட்டுவித்தார். 'அமரர் இலட்சுமிப்பிள்ளை ஞாபகார்த்தமாக' என்று கம்பத்தில் தகடு. பொழுதுபட்டால் தானாக எரியும், விடிந்தால் தானாக நூரும். சுவிச் கிடையாது. கலியாண மண்டபத்துக்குப் போடவேண்டிய வெளிச்சம் அது. விளக்குக்குக் கீழே சிம் போட்ட ஒரு கமரா வேறு. எங்கள் படலையை அண்ணன் ரொறொன்ரோவில் இருந்து ஃபோனில் பார்ப்பார். ஊரில் யார் வந்தது, யார் போனது, என் மோட்டார் சைக்கிள் எத்தனை மணிக்கு வீடு திரும்பியது என்பதெல்லாம் அவருக்குத்தான் முதலில் தெரியும்.

வினோஜா எடுத்த படங்களில் எல்லாம் இந்த விளக்குத்தான் வந்தது. நெபுலா இருக்கவேண்டிய இடத்தில் தேங்காய்ப்பால் ஊற்றியதுபோல ஒரு வெள்ளை. குடை பிடித்துப் பார்த்தோம், பெரிய படங்குத் துணி கட்டிப் பார்த்தோம். படங்கைக் காற்று தூக்கித் தொலைநோக்கியிலேயே போட்டது. மோட்டாரைத் திரும்பவும் நட்சத்திரத்துக்கு நேராக்குவதற்குள் மூட்டம் வந்துவிட்டது.

"இஞ்சேருங்கோ, அண்ணையிட்டை ஒருக்காக் கேளுங்கோவன்," என்றாள். "ஒரு மணித்தியாலம் மூடிவைச்சால் போதும்."

"உமக்கு விசரோ? அம்மான்ரை விளக்கை நூக்கட்டோ எண்டு எந்த வாயாலை கேக்கிறது?"

"நான் கேக்கட்டோ?"

"நீர் கேட்டால் இன்னும் மோசம். மருமகள் மாமியின்ரை விளக்கை நூக்கச் சொல்லுறாள் எண்டு கனடா முழுக்கக் கதைப்பினம்."

அவள் அதற்குப்பிறகு கேட்கவில்லை. ஒவ்வொரு நாளும் அந்த வெள்ளைப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கணினியை மூடுவாள். சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

மாசி முடிந்தது. அடுத்தநாள் காலை தொலைநோக்கியைக் கொண்டுபோய்க் குறிகட்டுவான் துறையில் ஒப்படைக்கவேண்டும். அன்று பொழுதுபட வானத்தைப் பார்த்தால், கழுவித் துடைத்து வைத்ததுபோல இருந்தது. இரண்டு மாதம் எங்கே போயிருந்தாய் என்று கேட்கத் தோன்றியது. வினோஜா எல்லாவற்றையும் முற்றத்தில் பூட்டி நிறுத்தினாள். ஓரியன் தலைக்கு மேலே தெளிவாக நின்றது.

ஏழரை மணியளவில் கரண்ட் போனது.

எங்கள் வீட்டில் மட்டும் அல்ல. ஊர்காவற்றுறை, வேலணை, தீவுப்பகுதி முழுக்க. பட்டணத்து வெளிச்சமும் சேர்ந்து போனது. பிறந்ததிலிருந்து அப்படியொரு வானத்தை நான் அண்ணாந்து பார்த்ததில்லை. உள்ளதைச் சொன்னால், வாயைத் திறந்துகொண்டு நின்றேன். நட்சத்திரம் கொட்டிக்கிடந்தது. அவள் என் கையைப் பிடித்தாள். பிறகு இரண்டுபேரும் ஒரே நேரத்தில் படலைப் பக்கம் திரும்பினோம்.

சோலர் விளக்குக்குக் கரண்ட் எதற்கு? முழுத் தீவும் இருண்டு கிடக்க, அம்மாவின் விளக்கு மட்டும் ஜெகஜோதியாக எரிந்தது.

அப்போது எனக்கு வந்த கோபம் யார்மேல் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஏணியைச் சாத்தி ஏறி, உரப்பையை விளக்கின் தலையில் கவிழ்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். அண்ணனின் கமராவும் அதற்குள் போனது. முற்றம் கறுத்தது. என் மோட்டார் சைக்கிள் பற்றறியைக் கழற்றி தொலைநோக்கி மோட்டாருக்குக் கொடுத்தேன். தலைமயிர் மெஷின் வேலை செய்யாது. அட்டைப்பெட்டி மூடி ஒன்றால் கண்ணாடிக்கு விசுக்கினேன். கமரா "கிளிக்" என்றது. முதல் படம் வந்தது. வினோஜா குனிந்து அந்தச் சின்னத் திரையைப் பார்த்துவிட்டு, "வந்திட்டுது," என்றாள். மெல்லிய சிவப்பில், செட்டையை விரித்தபடி ஒரு முகில். எங்கள் முற்றத்தில் இருந்து.

முப்பது படம்கூட ஆகியிருக்காது. என் ஃபோன் அடித்தது. அண்ணன். அங்கே காலை பத்து மணி தாண்டியிருக்கும், வேலையிடத்தில் தேத்தண்ணி இடைவேளை.

"தம்பி, படலை தெரியேல்லை. என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லை அண்ணை. கரண்ட் போயிட்டுது."

"அது சோலரடா. கரண்ட் போனாலும் எரியுமே."

அதற்கு மேல் எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "சாக்காலை மூடினனான், அண்ணை. கொஞ்ச நேரத்துக்கு."

"அம்மான்ரை லைற்றையோ?"

ஏசுவார் என்று காத்திருந்தேன். வந்த குரல் என் அண்ணனுடைய குரல் மாதிரியே இல்லை.

"செத்தவீட்டண்டு நான் ஃபோனிலைதானே பாத்தனான். அம்மாவைப் படலையடிக்குக் கொண்டுவரேக்கை சிக்னல் போயிட்டுது. அவ படலையைத் தாண்டினதை நான் பாக்கேல்லையடா. ஃபோன் கறுப்பாக் கிடந்தது. இண்டைக்கும் அப்பிடிக் கறுப்பா வர, எனக்குக் கைகால் ஓடேல்லை."

இது எனக்குத் தெரியாது. ஊருக்குப் பவிசு காட்டத்தான் அவர் விளக்கு நாட்டினார் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். சத்தமாகக் கேட்கிறமாதிரி ஃபோனை வைத்திருந்ததால் எல்லாம் வினோஜாவின் காதிலும் விழுந்தது.

"சாக்கை எடுங்கோ," என்றாள்.

"கால்வாசி கூட எடுக்கேல்லை. நாளைக்குச் சாமான் போகுது."

"எடுங்கோ எண்டுறன்."

ஏறி எடுத்தேன். முற்றம் பட்டப்பகல் ஆனது. ஃபோனில் அண்ணன் மூச்சு விடுவது கேட்டது. வினோஜா ஃபோனை வாங்கி, நெபுலா, இருட்டு, வகுப்புப் பிள்ளை என்று எல்லாவற்றையும் அவருக்கு விளங்கப்படுத்தினாள். தொலைநோக்கி திரும்பிப் போவதை மட்டும் சொல்லவில்லை. அவர் கடைசிவரை கேட்டார்.

"உதுக்கு என்னட்டை ஒரு சொல்லுச் சொன்னால் என்ன, பிள்ளை? நாளைக்கு எடு. ஏழரையிலை இருந்து எட்டரை மட்டும் மூடிவை. அந்த நேரம் நான் ஃபோனைத் திறக்கமாட்டன்."

நான் வாயைத் திறந்தேன். அவள் என் வாயைப் பொத்தினாள். "ஓம் அண்ணை," என்றாள்.

மறுநாள் காலை தொலைநோக்கி படகேறியது. அன்றிரவு எட்டரை மணிக்கு அண்ணன் வினோஜாவை அழைத்தார். "சத்தியமா ஒருக்காலும் திறக்கேல்லை. வந்ததோ?" என்று கேட்டார். "வந்தது அண்ணை," என்று சொல்லி, முந்தின நாள் எடுத்தவரைக்கும் அடுக்கியெடுத்த அந்த மங்கல் படத்தை அனுப்பினாள். அவர் அதைக் கனநேரம் பார்த்திருக்கவேண்டும்.

"இது எங்கடை படலைக்கு மேலையோ, பிள்ளை?"

"நேர மேலை, அண்ணை."

"நீ ஆறுதலா எடு. இனி நெடுகலும் அந்த ஒரு மணித்தியாலம் நான் பாக்கமாட்டன்."

படம் இப்போது ஒன்பதாம் வகுப்புச் சுவரில் இருக்கிறது. "மங்கலாக் கிடக்கு, ரீச்சர்," என்றாளாம் அந்தப் பிள்ளை. எங்கள் வானம் அப்படித்தான் என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

அண்ணன் சொன்ன சொல் தவறவில்லை. தேத்தண்ணி இடைவேளையில் மட்டும்தான் அவருக்கு ஆறுதலாகப் படலையைப் பார்க்க நேரம் கிடைக்கும். அதைத்தான் எங்களுக்குத் தந்துவிட்டார். தினமும் ஏழரை மணிக்கு விளக்கு எரிந்துகொண்டு நிற்கிறது, முற்றத்தில் ஒன்றும் இல்லை, அவரோ அங்கே ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கிறார். இதை அவரிடம் சொல்லும் என்று நான் வினோஜாவுக்குச் சொல்கிறேன். நீங்கள் சொல்லுங்கோ என்று அவள் எனக்குச் சொல்கிறாள்.