செல்லியும் கல்லு அடுக்குற மிஷினும்

வேடியப்பன் என் சின்ன அண்ணன் மகன். அவன் பொண்டாட்டி செல்லி எனக்கு மருமக முறை. வேடியப்பன் தங்கச்சி ஜெயசுதாவை ஓடைக்கு அந்தாண்ட, நாலு மைல் தள்ளிக் கட்டிக் குடுத்திருக்கு. நாத்தனாருக்கும் அண்ணிக்கும் நடுவுல வந்தது ஒரு வீடியோ கேம்.

கையளவு மிஷின். மேலருந்து கல்லுங்க இறங்கும். திருப்பிப் போட்டு இடைவெளி இல்லாம அடுக்கணும். ஒரு வரிசை நெறைஞ்சா மறையும், நம்பர் ஏறும். போன்ல ஆயிரம் ஆட்டம் வந்தாலும் இதுக்கு மேல ஒண்ணு நான் பாக்கலை. டவர் இல்லாத காட்டுலயும் இது ஓடும்.

போன ஆடியில வேடியப்பன் ஜமுனாமரத்தூர் சந்தையில வாங்கினது. விருந்துக்கு வந்த ஜெயசுதா ரெண்டே நாள்ல பதினெட்டாயிரம் எடுத்து, ஜெயிச்சவளுக்குத்தான் சொந்தம்னு கையோட எடுத்துட்டுப் போய்ட்டா.

சாமை முத்துற நேரம், காட்டுக் காவல்ல பொழுது போக மிஷினைக் குடுன்னு செல்லி போய்க் கேட்டா.

"காவலுக்கு வச்சிக்கோ அண்ணி. என் நம்பரைத் தாண்டினா உனக்கே. இல்லைன்னா அறுப்பு முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துடணும்."

செல்லி பரண்மேல உக்காந்து குருவி ஓட்டுவா, கல்லும் அடுக்குவா. அறுப்புக்கு நாலு நாள் முன்னால இருபத்தோராயிரத்து முந்நூறு வந்துடுச்சு. பக்கத்துல சாட்சிக்கு ஒரு ஆளும் இல்லை. அதுக்குள்ள பேட்டரி சோர்ந்து நம்பர் மங்கிப்போச்சு. நாத்தனாருக்குப் பளிச்சினு தெரியட்டும்னு பேட்டரியைக் கழட்டிப் பாறைமேல வெயில்ல வச்சா. ரேடியோவுக்கு நாங்க எல்லாரும் அப்பிடித்தான் செய்வோம். திருப்பிப் போட்டா படம் நல்லாத் தெரிஞ்சுது. நம்பர் முட்டை.

அப்பவும் எடுத்துக்கிட்டுப் போனா.

"முட்டையைக் காட்டவா நாலு மைல் நடந்தே?"

"இருபத்தோராயிரத்து முந்நூறு இருந்துச்சு. பேட்டரியை வெயில்ல வச்சதுல போயிடுச்சு."

"வெயில்ல வச்சா கருவாடு காயும் அண்ணி. நம்பருமா காயும்?"

"அப்ப உன் பதினெட்டாயிரம் எங்க? காட்டு பாப்போம்."

ஜெயசுதா மிஷினை வாங்கி அமுக்கி அமுக்கிப் பாத்தா, அவ நம்பரும் இல்லை. அவ புருசன் சந்திரன் கடைக்குப் போய்ப் புது பேட்டரி வாங்கியாந்து போட்டான். "இன்னாத்துக்கு வாய்ச்சண்டை? எல்லார் முன்னாடியும் ஒரே ஆட்டம். அதே பதினெட்டாயிரம்தான் கணக்கு. ஆடுங்க" ன்னான்.

செல்லி வாசல்ல உக்காந்தா. பதினேழாயிரத்து அறுநூறு வரைக்கும் போனா. அதுக்கு மேல கல்லுங்க வேகமா இறங்கி உச்சியில முட்டிக்கிச்சு. செல்லி மிஷினை நாத்தனார் கையில குடுத்துட்டு, குடுத்த டீயைக் குடிச்சிட்டு வந்துட்டா.

மிஷின் இப்ப ஜெயசுதா வூட்டுலதான் இருக்குது. ஆனா முடுக்கினா மொதல்ல தெரியிறது செல்லியோட பதினேழாயிரத்து அறுநூறு. ஜெயசுதா தெனம் ஆடிப் பாக்குறா, இன்னும் தாண்டலை. பேட்டரியைக் கழட்டினா அழிஞ்சிடும்னு அவளுக்கும் தெரியும். கழட்டலை.