மூன்றாம் ஓலை

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் கேட்பார். அவர் கேட்பதும் நாங்கள் வாய் திறக்காமல் இருப்பதும் வழக்கம்.

எனக்கும் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மாப்பிள்ளை வாலிபர் கூட்டத்தில் கிட்டார் வாசிப்பவர். ஒருநாள் மாலை தென்னேரி ஏரிக்கரையில், என் அண்ணி சற்றுத் தள்ளி நிற்க, பேசிக்கொண்டிருந்தோம். திடீரென்று போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். ஒரு நொடிதான் பார்த்தேன். ஆபாசப் படம். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"பாத்து வெச்சிக்கோ. கல்யாணத்துக்கு அப்புறம் இப்படித்தான் இருக்கணும்."

"அந்தப் பொண்ணு அழுவுது."

"அதெல்லாம் நடிப்பு. காலேஜ்ல இருந்தே பாத்துக்கினு இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

துளிகூடக் கூச்சமில்லை. சமையல் குறிப்பு சொல்வதுபோல் சொன்னான். ஆம், அதற்குமேல் அவனுக்கு மரியாதை கொடுக்க என் வாய் வரவில்லை. ஒரு பெண் அழுவதைப் பார்த்துப் பார்த்தே மரத்துப்போனவன், நாளைக்கு நான் அழுதாலும் நடிப்பு என்றுதானே சொல்வான்?

அம்மாவிடம் சொன்னேன். அம்மா போதகரிடம் சொன்னார். போதகர் அவனைக் கூப்பிட்டு ஜெபித்தார். அடுத்த வாலிபர் கூட்டத்தில் பரிசுத்தத்தைப் பற்றிப் பேசினார். பேச்சு சுற்றி வளைத்துப் பெண்களின் துப்பட்டாவில் போய் நின்றது. அவன் முன்வரிசையில் தலையாட்டிக்கொண்டிருந்தான். எனக்கு அருவருப்பு தாங்கவில்லை. மனிதர் எல்லோரும் தேவசாயல் என்று ஞாயிறு தவறாமல் சொல்கிறோம். திரையில் அழுதவளும் தேவசாயல்தானே? அவளைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

"வயசுப் பையன்மா, கட்டி வெச்சா சரியாப் பூடும்" என்றார் அம்மா. சின்ன காஞ்சிபுரத்தில் சொல்லி நெய்த வெள்ளைப் பட்டு வேறு வீட்டுக்கு வந்துவிட்டது. அவன் நோய்க்கு நான் மருந்தாம்.

மூன்றாம் ஞாயிறு. தடை உண்டா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போதகர் தாளை மடித்தார். நான் எழுந்தேன்.

"எனக்கு இருக்குது, ஐயா."

"நீ கல்யாணப் பொண்ணும்மா, உக்காரு. இது மத்தவங்களைக் கேக்கிறது."

"அவரோட வாழப்போறது மத்தவங்க இல்லீங்களே."

அம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். நான் உட்காரவில்லை. என்னதான் தடை என்றார் போதகர்.

"அவர் போன்ல இருக்குது. எனக்குக் காட்டினதை உங்களுக்கும் காட்டச் சொல்லுங்க."

சபை முழுவதும் திரும்பி அவனைப் பார்த்தது. அவன் கை சட்டைப்பையை இறுக்கி மூடிக்கொண்டது.