எங்க வூட்டுக்கு அடியிலயும் இருக்குதா மிஸ்?

புவியியல் ஆசிரியருக்கு உள்ள ஒரே வசதி, பாடப்பொருள் இடம்விட்டு இடம் நகராது என்பதுதான். நெய்வேலியில் அதுவும் கன்வேயர் பெல்ட்டில் ஏறிப் போய்விடுகிறது. ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துவிட்டுத் தொண்டைக்கு மிட்டாய் சப்பும் சக பாவப்பட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நிலநடுக்கம்

கல்யாணமாகி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸுக்கு வந்து, வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். நிலம் அதிர்ந்தால் பதறாமல் மேஜைக்கு அடியில் போய்விட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து ஜன்னல் கண்ணாடிகள் கடகடத்தன. டஸ்டர் கீழே விழுந்தது. வகுப்பில் பாடத்தைப் பின்பற்றியது நான் ஒருத்திதான்.

முதல் பெஞ்ச் திவ்யா குனிந்து, மேஜைக்கு அடியில் இருந்த என்னிடம் மரியாதையாகச் சொன்னாள்: "மைன்ஸ்ல வெடி வெக்கறாங்க மிஸ். எழுந்து வாங்க."

மலை

சுரங்கத்தில் கரிக்கு மேலே இருக்கும் மண்ணை எடுத்து ஒரு பக்கமாகக் கொட்டுவார்கள். எங்கள் பிள்ளைகள் தினமும் பார்க்கிற மலை அது ஒன்றுதான். கண்டத்தட்டுகள் மோதுவதை இரண்டு புத்தகங்களை முட்டவைத்துக் காட்டினேன். அட்டை கிழிந்தது. "இப்போ சொல்லுங்க, மலை எப்படி உருவாகுது?" என்றேன். சதீஷ் எழுந்தான். அவன் அப்பா அங்கேதான் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறார்.

"மூணு ஷிப்ட்டு போட்டு, மிஸ்."

பழுப்பு நிலக்கரி

கவிதா, சுரங்கத்தை ஒட்டிய கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருபவள். அன்று, பழங்காலத்து மரங்கள் மண்ணில் புதைந்து, அழுந்திக் கரியான கதையைச் சொன்னேன். சுற்றுவட்டாரத்தைப் படமாக வரைந்து, கரி இருக்கும் இடத்தையெல்லாம் சாக்பீஸால் தேய்த்தேன். "எங்க வூட்டுக்கு அடியிலயும் இருக்குதா மிஸ்?" என்று கேட்டாள். "இருக்கு! நல்ல கனமான படிவு" என்றேன், அவளுக்குப் பரிசு விழுந்த மாதிரி.

மறுநாள் அவள் அப்பா ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றார். பக்கத்து ஊர்களில் சுரங்கத்துக்கு நிலம் எடுத்தாகிவிட்டது. அடுத்தது தங்கள் ஊர்தான் என்று பேச்சாம். "டீச்சரே சொல்லிட்டாங்க, வூடு போயிடும்னு புள்ள அழுதுகினே இருக்குதுங்க. சாப்பிடல. கீழ இருக்கறது எல்லாருக்கும் தெரியும்ங்க. மேல இருக்கறதையும் ஒரு நாளு நடத்துங்க" என்றார். அவர் கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நடத்தறேங்க" என்றேன்.

மண் பாடம் எப்போதோ முடிந்துபோயிருந்தது. மறுபடி எடுத்தேன். ஆளுக்குக் கொஞ்சம் மண் கொண்டுவரச் சொன்னேன். கவிதா டிபன் பாக்ஸில் செம்மண் கொண்டுவந்திருந்தாள். அதில் ஏதோ பயிரின் வேர்கூட இருந்தது. ஒரு அங்குல மேல்மண் உருவாக நூற்றுக்கணக்கான வருஷம் பிடிக்கும் என்று சொல்லி முடித்து, எல்லோரையும் தோட்டத்தில் கொட்டிவிட்டு வரச் சொன்னேன். அவள் மட்டும் மூடியை அழுத்தி மூடினாள்.

"திருப்பி எடுத்துக்கினு வரச் சொன்னாரு மிஸ், அப்பா."

ஆக, இந்த ஊரில் பூமியைப் பற்றிக் கொஞ்சம் மெதுவாகத்தான் பேச வேண்டியிருக்கிறது, அதன்மேல் குடியிருப்பவர்கள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பதால்.