இரண்டாம் முறை துடைத்த பட்டியல்

சங்கரன்கோவிலில் கோயிலை நூற்றெட்டு முறை வலம் வருகிற ஆடிச்சுற்றில் எண்ணிக்கை தப்பிவிட்டால் ஒரு சுற்று கூடச் சுற்றிவிட வேண்டும். கூடினால் குற்றமில்லை, குறைந்தால்தான் குற்றம் என்பாள் அம்மா. கோயிலுக்குச் சொன்ன அந்தப் பேச்சை நான் எல்லாவற்றுக்கும் எடுத்துக்கொண்டேன். பரீட்சையில் எழுதியதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பேன், பாதிக் கேள்வி பாக்கி இருக்க மணி அடித்துவிடும். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது அப்படித்தான்.

பிறகு டைப்ரைட்டிங் படித்து, எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையம் ரோட்டில் ஒரு மாடியறைக்கு வேலைக்குப் போனேன். அங்கே ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வெயில் படாமலிருக்க ஜன்னலில் கறுப்புத் துணி. அந்த இருட்டில் பச்சை எழுத்துகள் மேலே மேலே போகும்போது, கோயில் தெப்பமான ஆவுடைப்பொய்கைக்குள் முங்கிக் கண்ணைத் திறந்தது மாதிரி இருக்கும். கீழே போகிற பஸ்ஸின் ஹாரன்கூட தண்ணீருக்கு மேலே எங்கோ கேட்கிற சத்தம்தான்.

ஒரு முறை கண் சிகிச்சை முகாமில் பார்த்தவர்களின் பட்டியல் வந்தது. ஆப்பரேஷன் தேவைப்படுகிறவர்களின் பேர், ஊர், எந்தக் கண் என்ற விவரம். சிவகிரி, வாசுதேவநல்லூர், பனவடலிசத்திரம் என்று ஊர் ஊராக அடித்தேன். பன்னிரண்டு பக்கம். அதை பிளாப்பியில் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அங்கே அந்தப் பேர்களைப் பார்த்துத்தான் தேதி போட்டுக் கார்டு அனுப்புவார்கள்.

ஆனால் நம் பிரிண்டருக்காக எழுதிய கோப்பு அவர்கள் மிஷினில் கோணல்மாணலாக வரும். தடித்த எழுத்துக்கு ஒரு குறி, கோட்டுக்கு ஒரு குறி என்று கண்ணுக்குத் தெரியாத குப்பை உள்ளே கிடக்கும். அதைத் துடைக்க முதலாளி அண்ணாச்சி ஒரு சின்ன புரோகிராம் வாங்கி வந்திருந்தார். அதன் பேரை அடித்து, பக்கத்தில் கோப்பின் பேரை அடித்துத் தட்டினால் போதும். பக்கம் முடிகிற குறியை மட்டும் விட்டுவிட்டு, மற்றக் குறிகளை எல்லாம் எடுத்துவிடும். பக்கத்துக்குப் பக்கம் மேலே இருக்கிற தலைப்பு வரியையும் கீழே இருக்கிற பக்க எண் வரியையும் வெட்டிவிடும்.

அடித்துத் தட்டினேன். பேர்கள் மட்டும், களைந்த அரிசி போலச் சுத்தமாக, திரையில் மேலே போயின. பார்த்துக்கொண்டே இருந்தேன். சரியாகத் துடைத்ததா? எங்காவது ஒரு குறி ஒட்டிக்கொண்டிருந்தால்? எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு முறை தட்டினேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் அண்ணாச்சி பிளாப்பியோடு கிளம்பினார். பூட்டை நான் இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பதைச் சொல்லி, "ஏட்டி, நான் வாரதுக்குள்ள பூட்டு கையோட வந்துராம" என்று சிரித்துவிட்டுப் போனார்.

பதினோரு மணி இருக்கும். பனவடலிசத்திரத்திலிருந்து ஓர் அக்கா படியைத் தடவித் தடவி ஏறி வந்தாள். ஆடு மேய்க்கிறவள். பட்டியல் இங்கேதான் அடிக்கிறோம் என்று முகாமில் சொல்லியிருந்தார்களாம்.

"எம் பேரு அதுல இருக்கான்னு பாத்துச் சொல்லு மக்கா. ஆட்டை யாருகிட்டயாவது விட்டுட்டுல்லா போணும்."

"இருக்குக்கா, நான்தான அடிச்சேன்."

"பாத்துச் சொல்லுட்டி. எனக்குத்தான் கண்ணு தெரியல, உனக்குமா?"

மிஷினில் இருந்த அதே கோப்பைத் திரையில் தேடினேன். இல்லை. துடைக்கும் முன்னே பிரிண்டரில் எடுத்து வைத்திருந்த காகிதத்தைப் பிரித்தேன். மூன்றாம் பக்கத்தில் முதல் பேராக இருந்தாள். திரையில் அந்தப் பக்கம் இரண்டாவது பேரிலிருந்து தொடங்கியது. அப்போதுதான் புரிந்தது. முதல் தட்டில் தலைப்பும் பக்க எண்ணும் போய்விட்டன. இரண்டாம் தட்டுக்குத் தலைப்பு எது, ஆள் எது என்று தெரியுமா? மேல் வரி ஒன்று, கீழ் வரி ஒன்று என்று மனுஷர்களை வெட்டிவிட்டது. பக்கத்துக்கு இரண்டு. இருபத்துநான்கு பேர்.

"இருக்கு" என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது உண்மை. சொன்னால் அவள் இறங்கிப் போய்விடுவாள். கார்டு வராது. வராததற்கு ஆயிரம் காரணம் நினைத்துக்கொள்வாள், என்னைத் தவிர. அவளோ என் முகம் இருக்கிற திசைக்குச் சற்றுத் தள்ளி, ஜன்னல் துணியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, உங்க பேரை நான் அழிச்சுப்போட்டேன். எங்கூட வாங்க."

தபாலாபீசில் ஆஸ்பத்திரிக்கு டிரங்க் கால் போட எழுதிக் கொடுத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வெட்டுப்பட்ட பேர்களைக் காகிதத்தில் வட்டமிட்டேன். அவள் கையிலிருந்து ஆட்டு வாசம் வந்தது. லைன் கிடைத்ததும், காகிதத்தில் வட்டமிட்ட பேர்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிக் குமாஸ்தா எழுதினார். இரைச்சலுக்குள் பேர்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறங்கி எங்கோ தூரத்தில் கரையேறுவது போலிருந்தது. கடைசிப் பேர் முடிந்தது. அக்கா என் முழங்கையை இடித்தாள்.

"எம் பேரு கேட்டுச்சாமா அவருக்கு?"

எனக்கும் அதே சந்தேகம். அவள் பேரை மட்டும் இன்னொரு முறை சொன்னேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து மறுபடி படியில் அந்தத் தடவல் சத்தம். இரண்டு கார்டுகளை என் முன்னால் நீட்டினாள். இரண்டிலும் அவள் பேர், இரண்டிலும் ஒரே தேதி.

"தபால்காரரு ரெண்டு குடுத்துட்டுப் போறாரு. என்னட்டி இது, கண்ணுக்கு ஒண்ணா?"

"எதுக்கும் இருக்கட்டும்க்கா" என்றேன். "ரெண்டையும் கொண்டு போங்க."