சுறா எண்ணெய் பூசிய மழைக்கோட்டு

அந்தக் கோட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் கொழும்பில் நல்ல மழைக்கோட்டு வாங்கக் கிடைக்கவில்லை. வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு நான் மோட்டார்சைக்கிளில் வேலைக்குப் போவேன். மழையில் தெப்பமாக நனைந்து திரிவதைப் பொறுக்காமல், என் மனைவியின் தமையன் கோதுமை மாச் சாக்கை வெட்டிக் கோட்டு ஒன்று தைத்தார். அதோடு விட்டிருக்கலாம். தண்ணீர் ஊறாதிருக்க, மீன்பிடி வள்ளங்களுக்குப் பூசும் சுறா எண்ணெயை அதில் மூன்று தரம் பூசிக் காயவைத்தார்.

“கடலுக்கே காணும் எண்ணெய், மழைக்குக் காணாதோ?” என்று பெருமை வேறு.

முதன்முதல் அதைப் போட்டது ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளியில் எங்கள் வீட்டில் மீன் சட்டியைத் தொடக்கூட மாட்டார்கள். காலி வீதியில் மழை கொட்டியது. ஒரு சொட்டும் உள்ளே வரவில்லை, உண்மைதான். ஆனால் எஞ்சின் சூட்டில் எண்ணெய் இளகி, வெயிலில் கிடந்த மீன் குடலைப்போல நாறத் தொடங்கியது. கழுத்து, கை, நெஞ்செல்லாம் பிசுபிசுத்தது. கொள்ளுப்பிட்டியைத் தாண்டுமுன் இரண்டு தரம் ஓங்காளித்தேன்.

கொட்டாஞ்சேனையில் வழக்கம்போல் முதலில் கோயிலுக்குப் போனேன். கோட்டைக் கழற்றி மோட்டார்சைக்கிளில் போட்டுவிட்டு, கால் கழுவி, சட்டையையும் கழற்றிக்கொண்டு உள்ளே போய் நின்றேன். நாற்றத்தை மட்டும் கழற்ற முடியவில்லை. திருநீற்றுத் தட்டோடு வந்த ஐயர் நாலடி தள்ளி நின்று முகத்தைச் சுளித்தார்.

“வெள்ளிக்கிழமையும் அதுவுமாய் மீன் சாப்பிட்டிட்டோ வந்தனீர்?”

“சாப்பிடேல்லை ஐயா,” என்றேன். “போட்டுக்கொண்டு வந்தனான்.”